பரணில் கிடக்கும் பழைய கார் கிட்டை மீட்டுக் கட்டுவது எப்படி: வேலூர் வெயிலுக்கேற்ற முழுமையான வழிகாட்டி

வட ஆர்க்காடு மாவட்டம் 1989ல் பிரிவதற்கு முன்பு இந்தப் பக்கத்து வீடுகளுக்கு பிளாஸ்டிக் கார் கிட் (பாகங்களை ஒட்டிச் செய்யும் சின்ன மாதிரிக் கார்) வந்ததென்றால், சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்த்த மாமா, சித்தப்பாவின் பெட்டியில் வந்திருக்கும். இல்லையென்றால் மெட்ராஸ் பர்மா பஜாரிலிருந்து வந்திருக்கும். பெட்டிக்குள் பாகங்கள் எல்லாம் இருந்தன. அவற்றை ஒட்டும் பசை மட்டும் பெரும்பாலும் இருக்காது. கிடைத்த ரப்பர் பசையையும் சூப்பர் க்ளூவையும் வைத்துப் பிள்ளைகள் ஒட்டினார்கள். கண்ணாடி வெள்ளை பூத்தது, கூரையில் விரல்ரேகை பதிந்தது, சக்கரம் கோணலாக நின்றது. கார் பரணுக்கு ஏறியது.

அந்தக் காரைக் கெடுத்தது பத்து வயதுக் கையல்ல, பொருந்தாத பசையும் அவசரமும்தான். அதனால்தான் இன்றும் அதை மீட்க முடியும். கிட்டின் பாகங்களை வார்க்கும் பாலிஸ்டைரீன் எளிதில் மக்கும் பிளாஸ்டிக் அல்ல. முப்பது, நாற்பது வருடம் கிடந்த கிட்டும் சரியான வரிசையில் வேலை செய்தால் புதிதாக நிற்கும். வேலூரில் இரண்டு விஷயங்களை மட்டும் ஒவ்வொரு படியிலும் நினைவில் வைக்க வேண்டும்: வெயில், உப்புத் தண்ணீர்.

பெட்டியைத் திறந்ததும்

வேறெதையும் தொடும் முன் டயர்களைக் கழற்றித் தனிக் கவரில் போடுங்கள். பழைய கிட்களின் டயர் மென்மையான வினைலால் ஆனது. அதை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள் மெல்ல வெளியே கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனைக் கரைக்கும். சூட்டில் இந்தக் கசிவு வேகமாக நடக்கும். கான்கிரீட் தளத்துக்கு நேர் கீழே இருக்கும் பரணில் வேலூரின் எத்தனையோ கோடைகளைக் கண்ட கிட்டில், டயர் பட்ட ரிம்மும் கண்ணாடியும் உருகிக் குழி விழுந்திருந்தால் காரணம் இதுதான். உருகிய ரிம்மைப் பட்டி வைத்து நிரப்பலாம். உருகிய கண்ணாடியை மீட்க முடியாது, புதிதாக வெட்டித்தான் வைக்க வேண்டும். அதற்கான வழி பின்னால் வருகிறது.

அடுத்து அளவு, அதாவது நிஜக் காரில் எத்தனையில் ஒரு பங்கு என்பது. பெட்டியிலோ காரின் அடிச்சட்டமான சேஸிஸின் அடியிலோ 1/24, 1/25, 1/32 என்று ஏதாவது ஒன்று இருக்கும். தாமியா, ஹசேகாவா, ஃபூஜிமி, ஆவோஷிமா ஆகிய ஜப்பான் கிட்கள் பெரும்பாலும் 1/24. அமெரிக்காவின் ஏ.எம்.டி., எம்.பி.சி. கிட்கள் 1/25. இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் சிறிய கார்கள் 1/32. சுமார் 4.3 மீட்டர் நீளமுள்ள அம்பாசடரை 1/24ல் செய்தால் 18 செ.மீ. வரும், 1/32ல் செய்தால் 13.5 செ.மீ.தான் வரும். அச்சு அழிந்திருந்தால் அளவுகோலால் நீளத்தை அளந்து, நிஜக் காரின் நீளத்தோடு வகுத்துக் கண்டுபிடிக்கலாம். காணாமல் போன சக்கரத்தை வேறு கிட்டிலிருந்து எடுக்க இந்தக் கணக்கு தேவைப்படும். 1/24க்கும் 1/25க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, மாற்றிப் போடலாம். 1/32 பாகம் பொருந்தாது.

பாகங்களை வெள்ளைத் துணியில் பரப்பி, செய்முறைத் தாளில் உள்ள எண்ணோடு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பெட்டியின் மூலையிலும் பாலிதீன் மடிப்பிலும் கண்ணாடி லென்ஸ், பக்கக் கண்ணாடி போன்ற பொடிசுகள் ஒளிந்திருக்கும். பெட்டியைக் குப்பையில் போடுவது கடைசி வேலையாக இருக்கட்டும்.

சாமான் எங்கே கிடைக்கும்

இந்த வேலைக்கு வேலூர் நல்ல ஊர். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள சர்ஜிக்கல் கடைகளில் 11 நம்பர் பிளேடும் அதற்குப் பொருந்தும் 3 நம்பர் ஹேண்டிலும் கிடைக்கும். கிட் வேலைக்கென்று விற்கும் கத்திகளைவிட இது கூர்மையானது. கூடவே நுனி மெல்லிய ஃபோர்செப்ஸ் ஒன்று, ஊசி கழற்றிய சிரிஞ்சு இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிளேடு மழுங்கினால் வெட்டாது, வழுக்கிக்கொண்டு விரலுக்கு வரும். ஒரு காருக்கு ஐந்து பிளேடாவது வைத்திருங்கள்.

கார் பெயிண்ட் விற்கும் கடையில் 400, 600, 1000, 2000 நம்பர் வாட்டர் பேப்பர், டிங்கர் வேலைக்காரர்கள் பூசும் என்.சி. பட்டி சின்ன ட்யூப் ஒன்று, ரப்பிங் காம்பவுண்ட், மேஸ்கிங் டேப் எல்லாம் கிடைக்கும். பெட்ரோல் பங்க்கிலோ பேட்டரி கடையிலோ ஒரு லிட்டர் பேட்டரி தண்ணீர். ஏன் என்று ஸ்டிக்கர் பகுதியில் தெரியும்.

பசையை மட்டும் ஆன்லைன் ஹாபி கடையில் வரவழைக்க வேண்டும். தாமியாவின் பச்சை மூடி எக்ஸ்ட்ரா தின் 40 மி.லி. ஒன்று போதும், பல கிட்களுக்கு வரும். அதில் இருப்பது பியூட்டைல் அசிடேட்டும் அசிட்டோனும். இரண்டு பாகங்களின் விளிம்பையும் கரைத்து ஒன்றோடொன்று கலக்கவைத்து, தான் ஆவியாகிப் போய்விடும். பிறகு அங்கே பசை என்று தனியாக எதுவும் இருக்காது, ஒரே பிளாஸ்டிக்காகிவிடும். ரப்பர் பசையால் இதைச் செய்ய முடியாது.

கழுவுவதும் பிரிப்பதும்

கை சூட்டு வெந்நீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், பழைய பல்துலக்கி. பேசினில் வடிகட்டியைப் போட்டு அதற்குள் கழுவினால் சின்னப் பாகங்கள் குழாயோடு போகாது. தொழிற்சாலை அச்சிலிருந்து பாகம் எளிதாகக் கழலப் பூசிய எண்ணெயும் பரண் தூசியும் இதில் போகும். கழுவியதை மொட்டைமாடியில் காயவைக்காதீர்கள். மே மாத வெயிலில் சுட்ட தளத்தில் வைத்தால் மெல்லிய தூண்களும் பம்பரும் வளைந்துவிடும். மின்விசிறிக்குக் கீழே துண்டின் மேல் வைத்தால் போதும்.

சூப்பர் க்ளூவில் ஒட்டிய இணைப்பென்றால் காரைப் பாலிதீனில் சுற்றி ஃப்ரீசரில் மூன்று மணி நேரம் வையுங்கள். குளிரில் அந்தப் பசை நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். எடுத்தவுடன் இணைப்பில் பிளேடின் முதுகை வைத்து மெல்லத் திருப்பினால் டக்கென்று விடும். நகப்பூச்சு அழிக்கும் திரவம் இந்தப் பசையைக் கரைக்கும் என்பது உண்மை. ஆனால் அதில் அசிட்டோன் இருந்தால் பசைக்கு முன் காரே கரைந்துவிடும்.

ரப்பர் பசை என்றால் இன்னும் சுலபம். வயதாகிப் பழுப்பேறி இறுகிய பசையைக் கட்டை விரலால் தேய்த்தால் உருண்டு உருண்டு வரும். இடுக்கில் இருப்பதைப் பல்குத்தியால் சுரண்டுங்கள். பெட்ரோல் ஊற்றாதீர்கள், பிளாஸ்டிக்கில் மயிர்க்கோட்டு விரிசல் விழும்.

கிட்டோடு வந்த ட்யூப் பசையில் ஒட்டியிருந்தால், அது பிளாஸ்டிக்கை உருக்கிச் சேர்த்த இணைப்பு. பிரியாது. நேராக ஒட்டியிருந்தால் அப்படியே விடுங்கள். கோணலென்றால் மெல்லிய ரம்பத்தால் அறுத்து எடுத்து, அறுத்த அகலத்தைப் பிளாஸ்டிக் துண்டு வைத்து நிரப்ப வேண்டும்.

பழைய பெயிண்டை உரிப்பது

பாடி முழுகும் அளவு டப்பாவில் தண்ணீர் கலக்காத டெட்டால் ஊற்றி ஓர் இரவு ஊறவிடுங்கள். பழைய எனாமல் தோலாகக் கிளம்பும். டெட்டாலிலேயே பல்துலக்கியால் முழுவதும் தேய்த்து முடித்த பிறகுதான் தண்ணீர் படலாம். நடுவில் தண்ணீர் பட்டால் கரைந்த பெயிண்ட் பிசினாகி மறுபடி ஒட்டிக்கொள்ளும், அதை எடுப்பது பெரிய பாடு. டெட்டாலுக்கு மசியாத பெயிண்டுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும் டாட் 3 பிரேக் ஆயில். ரப்பர் கையுறை அவசியம். சில பிளாஸ்டிக் அதில் நொறுங்கும் தன்மைக்கு வரும் என்பதால் ஒரு மணிக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கண்ணாடிப் பாகத்தையும் குரோம் பாகத்தையும் இரண்டிலும் போடக் கூடாது.

எல்லாவற்றையும் உரித்தே ஆக வேண்டுமா? பாடியை உரியுங்கள். ஆனால் உள்ளே சீட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் அந்தப் பிள்ளை தீட்டிய பெயிண்டை விட்டுவைப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. கதவு மூடிய கார், வெளியிலிருந்து குறை தெரியாது. அந்தப் பெயிண்டைத் திரும்ப வாங்கவும் முடியாது.

வளைந்ததை நிமிர்த்துவது

பரண் சூட்டில் சேஸிஸ் வளைந்திருப்பது இங்கே சாதாரணம். பாலிஸ்டைரீன் 100 டிகிரியை நெருங்கும்போது முழுதாக இளகும். அதற்குக் கொஞ்சம் கீழே வளைந்துகொடுக்கும். இரண்டு பங்கு கொதிக்கிற தண்ணீரோடு ஒரு பங்கு குழாய்த் தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய 77 டிகிரி வரும். பாகத்தை ஒரு நிமிடம் முக்கி எடுத்து, தட்டையான கண்ணாடித் துண்டின் மேல் வைத்து அழுத்தி, அழுத்தியபடியே குளிர்ந்த தண்ணீரில் காட்டுங்கள். ஒரே தடவையில் நிமிராவிட்டால் மறுபடி செய்யுங்கள். கொதிநீரில் போட்டால் கதவுக் கோடுகள் எல்லாம் குழைந்துபோகும்.

ஒட்டுவதும் பட்டி வைப்பதும்

பாகங்கள் பிணைந்து வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பாகத்தைக் கையால் திருகிப் பிய்க்காதீர்கள். பாகத்துக்கு 2 மி.மீ. தள்ளி நிப்பரால் (சின்ன வெட்டுக் குறடு) வெட்டி, மீதியைப் பிளேடால் சீவி, 600 வாட்டர் பேப்பரால் தேயுங்கள். அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஓடும். பம்பரிலும் கூரைத் தூணிலும் அதைச் சுரண்டாமல் விட்டால் எவ்வளவு நல்ல பெயிண்டும் அதை மறைக்காது.

பசை போடும் முன் ஒருமுறை பசையில்லாமல் பொருத்திப் பாருங்கள். பொருந்திய பாகங்களை ரப்பர் பேண்டாலோ துணி கிளிப்பாலோ பிடித்துக்கொண்டு, பசைத் தூரிகையை இணைப்பின் ஒரு முனையில் தொட்டால் போதும், பசை தானே இடுக்கு நெடுக ஓடும். இணைப்பின் மேல் விரல் இருந்தால் விரலுக்கடியிலும் ஓடி ரேகையைப் பதித்துவிடும். பழைய கூரையில் இருக்கும் ரேகைகளும் இப்படி வந்தவைதான். கோடையில் பகல் நேரத்தில் இந்தப் பசை சில நொடியில் ஆவியாகும். நீளமான இணைப்புகளைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டிய பின் 24 மணி நேரம் தொடாதீர்கள். தேய்ப்பதற்கு இரண்டு நாள் பொறுங்கள். இணைப்பில் இளகிய பிளாஸ்டிக் கெட்டிப்படும்போது சுருங்கும். அதற்குள் தேய்த்துச் சமமாக்கினால், பெயிண்ட் அடித்த பிறகு அதே இடத்தில் மெல்லிய பள்ளம் தெரியும். இடைவெளி இருந்தால் என்.சி. பட்டியை அரை மி.மீ.க்கு மேல் தடிக்காமல் வைத்து ஓர் இரவு காயவிட்டு, மறுபடி ஒரு மெல்லிய பூச்சு. மொத்தமாக அப்பினால் மேல் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், பட்டியில் உள்ள தின்னர் அடியில் இருக்கும் பிளாஸ்டிக்கையும் அரிக்கும். பிறகு தண்ணீர் தொட்டு 400, 600, 1000 என்று வரிசையாகத் தேயுங்கள்.

பெயிண்ட்: ஊரும் நேரமும்

நல்ல கிட்கள் அதிகம் வீணாவது இந்தப் படியில்தான். பெரும்பாலும் நேரம் பார்க்காமல் அடிப்பதால்.

கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். அப்போது நண்பகலில் ஸ்ப்ரே அடித்தால் துளிகள் காரைத் தொடும் முன்பே பாதி காய்ந்து, பரப்பு சொரசொரப்பாக வரும். ஏப்ரல், மே மாதங்களில் காலை ஆறரையிலிருந்து எட்டரைக்குள் முடியுங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் மாலை இடிமழை வரும் ஊர் இது, மதியத்துக்கு மேல் தொடாதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஈரக் காற்றில் லாக்கர் பெயிண்டின் (சீக்கிரம் காயும் தின்னர் பெயிண்ட்) தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து வெள்ளைப் புகை போலப் பூக்கும். அப்படிப் பூத்தால் பதறிச் சுரண்ட வேண்டாம். வறண்ட நாள் பார்த்து அதே பெயிண்டின் லேசான பூச்சு ஒன்று அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். வருடத்தில் சிறந்த காலம் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை, பனி விலகிய பின் ஒன்பது மணிக்கு மேல்.

அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பாதி மணல் போட்டு, தலைகீழாக நிறுத்தி, அடிப்பகுதியில் இருபுறம் ஒட்டும் டேப் வைத்து பாடியின் கூரையை உள்பக்கமாக ஒட்டுங்கள். கை படாமல் திருப்பித் திருப்பி அடிக்கலாம். பெரிய அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்தால் அதுவே ஸ்ப்ரே கூடம். பத்து நிமிடம் முன்பு தரையில் தண்ணீர் தெளித்தால் தூசி அடங்கும். மின்விசிறியை நிறுத்துங்கள். கொசுவர்த்தி, விளக்கு, மெழுகுவர்த்தி எதுவும் அந்த இடத்தில் எரியக் கூடாது. கரண்ட் போனால் டார்ச்தான். துணி மாஸ்க் தூசியைத் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்காது. கார்பன் கேட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் வேண்டும்.

கிட்டுக்கென்று வரும் ஸ்ப்ரேயானால் பயமில்லை. ஹார்டுவேர் கடை ஸ்ப்ரேயானால் முதலில் சட்டத் துண்டில் அடித்துப் பாருங்கள். பரப்பு உறைபனி போலச் சொரசொரத்தால் அதன் தின்னர் பிளாஸ்டிக்கை அரிக்கிறது. அந்த டப்பாவைக் காருக்குக் காட்டாதீர்கள்.

டப்பாவை இரண்டு நிமிடம் குலுக்குங்கள். 15 முதல் 20 செ.மீ. தூரம். காருக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, காரைக் கடந்து வெளியே விடுங்கள். முதலில் அடிப்பூச்சான பிரைமர்: இரண்டு மெல்லிய பூச்சு, ஒரு நாள் காயவிடுவது, 1000 பேப்பரால் லேசான தேய்ப்பு. பிரைமரில் இதுவரை கண்ணுக்குத் தெரியாத கீறல் எல்லாம் தெரியும். வெட்கப்படாமல் பட்டிக்குத் திரும்பிப் போங்கள், இந்த ஒரு நாளைச் சேமிக்க நினைத்தால் கடைசிவரை அந்தக் கீறலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பிறகு நிறம். புகையாக இரண்டு பூச்சு, ஒவ்வொன்றுக்கும் 15 நிமிட இடைவெளி. மூன்றாவது பூச்சு ஈரமாக, பளபளப்பு எழும் அளவு. ஒரே பூச்சில் மூட நினைத்தால் வீல் ஆர்ச்சின் விளிம்பில் ஒழுகும். ஒழுகினால் துடைக்காதீர்கள். ஒரு வாரம் காயவிட்டு 1000, 2000 பேப்பரால் மட்டப்படுத்தி மறுபூச்சு கொடுங்கள். சிவப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்த காருக்கு வெள்ளையோ மஞ்சளோ அடிப்பதென்றால் முதலில் ஒரு வெள்ளி நிறப் பூச்சு கொடுங்கள். இல்லாவிட்டால் சிவப்புச் சாயம் ஊறி மேலே வந்து காரை ரோஸாக்கும். எனாமலின் மேல் லாக்கர் ஸ்ப்ரே அடித்தால் சுருங்கிவிடும். லாக்கரின் மேல் எனாமல் அடிக்கலாம்.

ஒரு வாரம் கழித்து 2000 பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, மென்துணியில் ரப்பிங் காம்பவுண்ட் எடுத்து மெருகேற்றுங்கள். கதவு விளிம்பு, பானட் முனை போன்ற கூர்மையான இடங்களை மேஸ்கிங் டேப்பால் மூடிவிட்டுத் தேயுங்கள். பெயிண்ட் முதலில் கழன்று பிளாஸ்டிக் தெரிவது அங்கேதான்.

குரோம், கண்ணாடி, ஸ்டிக்கர்

கிட்டின் குரோம் பாகங்கள் மெல்லிய அலுமினியப் பூச்சு. அதன் மேல் பசை பிடிக்காது. ஒட்டும் இடத்தை மட்டும் பிளேடால் சுரண்டுங்கள். பூச்சு உரிந்து கெட்டிருந்தால் துணிக்குப் போடும் திரவ பிளீச்சில் ஊறவைத்தால் அலுமினியம் கரைந்துவிடும். பிளீச்சோடு டாய்லெட் கிளீனர் போன்ற அமிலம் எதையும் கலக்காதீர்கள், குளோரின் வாயு வரும். பிறகு பளபளக்கும் கறுப்பு அடித்துக் காயவைத்து, அதன் மேல் திரவக் குரோம் பேனாவால் பூசலாம். பூசியதை விரலால் தொட்டால் மங்கும், அதனால் அந்தப் பாகத்தைக் கடைசியில் பொருத்துங்கள்.

வெள்ளை பூத்த கண்ணாடியில் இருப்பது சூப்பர் க்ளூ ஆவி படிந்த படலம். 2000 பேப்பராலும் காம்பவுண்டாலும் தேய்த்தால் போய்விடும். உருகிய கண்ணாடிக்குப் பதிலாக, புதுச் சட்டையின் காலருக்கு அடியில் வரும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளை வெட்டி வையுங்கள். பக்கக் கண்ணாடிக்கும், வளைவு குறைந்த முன் கண்ணாடிக்கும் அது போதும். எந்தக் கண்ணாடியானாலும் ஒட்டுவதற்கு வெள்ளை ஃபெவிகால்தான். பல்குத்தி நுனியால் விளிம்பில் மட்டும் வைத்தால், காய்ந்ததும் நிறமற்றுப் போகும். வழிந்தாலும் ஈரத்துணியால் துடைக்கலாம்.

பழைய தண்ணீர் ஸ்டிக்கர் மஞ்சளாகியிருந்தால் பாலிதீன் கவரில் போட்டு ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி சில நாள் ஒட்டிவையுங்கள், மஞ்சள் வெளுக்கும். அடுத்து, தேவையில்லாத ஓர் ஓரத்து எழுத்தை வெட்டித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். துண்டு துண்டானால் மீதித் தாளுக்கு இரண்டு மெல்லிய கிளியர் லாக்கர் பூச்சு கொடுத்து ஒரு நாள் காயவிட்டு, ஒவ்வொரு படத்தையும் ஓரம் ஒட்டி வெட்டுங்கள். பத்துப் பதினைந்து நொடி வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, வெளியே எடுத்து ஒரு நிமிடம் வைத்தால் வழுக்கிக்கொண்டு வரும். இந்தத் தண்ணீர் பேட்டரி தண்ணீராக இருக்கட்டும். போர் தண்ணீரில் போட்டால் காய்ந்ததும் ஸ்டிக்கரைச் சுற்றி உப்பு வளையம் நிற்கும், கறுப்புக் காரில் அது பளிச்சென்று தெரியும்.

சக்கரம்

சேஸிஸைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து நான்கு சக்கரமும் தரையைத் தொடுகிறதா என்று பாருங்கள். ஒன்று தூக்கிக்கொண்டு நின்றால் அந்த ஆக்ஸில் பிடிப்பை மட்டும் பிரித்து, பசை இளகி இருக்கும்போதே காரைக் கண்ணாடியின் மேல் அழுத்தி வையுங்கள். டயரை மாட்டும் முன் ரிம்மில் டயர் படும் வளையம் முழுவதும் சமையலறை அலுமினியத் தாளை மெல்லிய பட்டையாக வெட்டிச் சுற்றுங்கள். மறுபடி உருகாமல் தடுக்க இதைவிட நல்ல வழி இல்லை.

எங்கே வைப்பது

பரணுக்கு மறுபடி அனுப்பாதீர்கள். மேற்குச் சுவரும் ஜன்னல் ஓரமும் வேண்டாம். மூடிய அலமாரியில், கண்ணாடிப் பெட்டிக்குள், சேஸிஸுக்கு அடியில் சின்னக் கட்டை கொடுத்து டயர் தரையில் அழுந்தாமல் நிறுத்துங்கள். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்து ஷூ பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டை ஒரு மூலையில் போட்டால் மழைக்கால ஈரத்துக்குப் போதும். மீதமான ஸ்டிக்கர் தாளையும் ஒரு பொட்டலத்தோடு கவரில் மூடிவையுங்கள். சட்டத்தில் மிஞ்சிய பிளாஸ்டிக்கை எறிய வேண்டாம். அடுத்த காரின் ஆன்டெனா அதிலிருந்துதான் வர வேண்டும்: மெழுகுவர்த்திச் சுடருக்கு இரண்டு விரல் மேலே காட்டி, இளகியதும் வெளியே எடுத்து மெல்ல இழுத்தால் கம்பியாக நீளும். பசை, தின்னர் பாட்டில்கள் அப்போது வேறு அறையில் இருக்கட்டும்.